மெயினை அணைத்த பிறகும் டெஸ்டர் எரிகிறது. ஹால் விளக்கை மாட்டலாமா?

கும்பகோணத்தான் (கேள்வி):

வணக்கம். எங்கள் வீடு 1997-இல் அப்பா கட்டியது. தரைத்தளம் மட்டும், கான்கிரீட் கூரை. வயர்கள் கூரைக்குள் புதைத்த பிவிசி குழாயில் போகின்றன. மின்வாரிய இணைப்பு மூன்று ஃபேஸ்.

ஹாலின் நடுவில் இருந்த பழைய பல்பு ஹோல்டரை எடுத்துவிட்டு 36 வாட் எல்இடி சீலிங் விளக்கு மாட்ட நினைத்தேன். வட்டமான தகர உடல், வெள்ளை மூடி, எடை ஒரு கிலோ இருக்கும். வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் மகள் திருமணத்துக்காக ஊருக்குப் போயிருக்கிறார். திரும்ப பத்து நாள் ஆகும். நேற்று வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஸ்டூலில் ஏறினேன்.

சீலிங் ரோஸில் இரண்டு வயர்கள் மாட்டியிருந்தன: ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. ரோஸை இறக்கியதும் பின்னால் உள்ள பெட்டிக்குள் இரண்டு சிவப்பு வயர்களை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றியிருப்பது தெரிந்தது. டேப் கறுத்து, பசை ஒழுகி, விரலில் ஒட்டுகிறது. அதேபோல் கறுப்பு வயர்களிலும் ஒரு முறுக்கு. பச்சை வயர் கண்ணில் படவே இல்லை. புது விளக்கிலிருந்து வருபவை பழுப்பு, நீலம், மஞ்சள் கோடு போட்ட பச்சை. விற்ற கடைக்காரர், "கலருக்குக் கலர் சேர்த்து முறுக்கி டேப் சுற்றுங்கள், பச்சையை வெட்டி விடுங்கள், ஐந்து நிமிட வேலை" என்றார்.

ஏறுவதற்கு முன்பே மெயினை அணைத்துவிட்டேன். ஹால் மின்விசிறி நின்றது. டெஸ்டரை நீலத்தில் வைத்தேன், எரியவில்லை. கறுப்பிலும் இல்லை. சிவப்பு முறுக்கில் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. இறங்கிப் போய் மெயினை மறுபடி பார்த்தேன், அணைந்துதான் இருக்கிறது. மறுபடி ஏறினேன், மறுபடி எரிகிறது. அதற்குமேல் தைரியம் வரவில்லை.

சிவப்பில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நீலத்தோடு நீலத்தைச் சேர்க்கலாமா? பச்சையை என்ன செய்வது? கோயிலுக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள், ரோஸ் இன்னும் தொங்குகிறது. ஹாலில் யாரும் என்னுடன் பேசவில்லை.

செய்துபார்:

டெஸ்டரை நம்பாதீர்கள். பக்கத்தில் போகும் வயரின் தாக்கத்தில் எல்லா வயரிலும் அது எரியும். நான் எங்கள் வீட்டில் ஆறு விளக்குகள் மாற்றியிருக்கிறேன். முறுக்கு, டேப், முடிந்தது. நான்கு வருடங்களாக எல்லாம் நன்றாக எரிகின்றன. எல்இடிக்கு ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பும் வயர்) மாறினாலும் எரியும். பச்சை வயரை நானும் வெட்டித்தான் விட்டேன். இதற்குப் பத்து நாள் காத்திருப்பதா?

பழைய வயர்மேன்:

தம்பி, அந்தச் சிவப்பைத் தொடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

டெஸ்டர் பொய் சொல்லும் என்று மேலே நண்பர் சொல்கிறார். சொல்லும், நானும் பார்த்திருக்கிறேன். உலர்ந்த மரப்பலகையில் ரப்பர் செருப்போடு நின்றால் எரிய வேண்டிய இடத்தில் மங்கிவிடும். பக்கத்து வயரின் தாக்கத்தில் வெறும் வயரிலும் மினுக்கும். ஆனால் மெயினை அணைத்த வீட்டில் எந்தப் பக்கத்து வயர் தாக்கும்? எல்லாம் செத்துக் கிடக்கும்போது ஒன்றில் மட்டும் பளிச்சென்று எரிந்தால், அந்த ஒன்றில் உயிர் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. நீங்கள் எழுதவில்லை, உங்கள் டெஸ்டர் எழுதியிருக்கிறது. வீடு கட்டிய பிறகு யாரோ இன்வெர்ட்டர் வைத்து, அதன் லைனைப் படுக்கையறைக்குக் கொண்டுபோக வழி தேடி, ஹால் கூரைப் பெட்டி வழியாக இழுத்து, அங்கேயே ஒரு முறுக்குப் போட்டிருப்பார். நீங்கள் மெயினை அணைத்தீர்கள். மின்வெட்டு என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் கடமையைச் செய்தது. பேட்டரி 12 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள்; வெளியே வருவது அதே 230 வோல்ட். இன்னொன்றும் உண்டு. மெயின் பெட்டியில் மின்கசிவைக் கண்டு அணைக்கும் ஆர்சிசிபி இருந்தாலும், பேட்டரியில் ஓடும் நேரத்தில் அது பெரும்பாலும் அந்த வழியிலேயே இருக்காது. காப்பாற்ற ஆளில்லாத மின்சாரம் அது.

ஆகவே மெயினை அணைத்த பிறகு இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சையும் அணைக்க வேண்டும். அதோடு இன்வெர்ட்டர் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது இன்னும் நல்லது. முன்பக்க சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மெயின் இருக்கும்வரை பல இன்வெர்ட்டர்கள் மின்வாரிய மின்சாரத்தை அப்படியே வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். மெயின், இன்வெர்ட்டர் இரண்டும் போக வேண்டும்.

போய்விட்டதா என்று பார்க்க டெஸ்டர் போதாது. மல்டிமீட்டர் வாங்குங்கள். அதை முதலில் உயிருள்ள பிளக் ஒன்றில் வைத்து 230-ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். சிவப்புக்கும் கறுப்புக்கும், நீலத்துக்கும் கறுப்புக்கும், ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையில். எர்த்துக்காக, கீழே சுவரில் உள்ள பிளக்கின் மேல் துளையிலிருந்து ஒரு நீள வயர் இழுத்துக்கொள்ளலாம். எல்லாம் பூஜ்யம் காட்டினால், மீட்டரை எடுத்துப்போய் மறுபடி உயிருள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டுத் திண்ணையாக இருந்தாலும் சரி. செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்.

இப்போது நிறம். கடைக்காரரின் "கலருக்குக் கலர்" உங்கள் வீட்டில் விளக்கைக் கொல்லும். நம் ஊரின் பழைய வழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். விளக்குத் தொழிற்சாலைக்காரர் வேறு வழக்கத்தில் வயர் போடுகிறார்: பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். அவருடைய நியூட்ரல் நிறம் உங்கள் வீட்டில் ஃபேஸ் நிறம். உங்கள் ரோஸில் இருந்த நீலம், சுவிட்சிலிருந்து ஏறி வரும் ஃபேஸாகத்தான் இருக்கும். நீலத்தோடு நீலத்தைச் சேர்த்து, பழுப்புக்கு நெருங்கிய நிறம் சிவப்பு என்று பழுப்பைச் சிவப்போடு சேர்த்திருந்தால் விளக்கின் இரண்டு பக்கமும் ஃபேஸ். இரண்டும் ஒரே ஃபேஸ் என்றால் விளக்கு எரியாது, தலையைச் சொறிந்திருப்பீர்கள். வேறு வேறு ஃபேஸ் என்றால் விளக்குக்குக் கிடைப்பது 400 வோல்ட். மூன்று ஃபேஸ் வீட்டில் இது கதை இல்லை.

வீட்டு நீலம் விளக்கின் பழுப்போடு. வீட்டுக் கறுப்பு விளக்கின் நீலத்தோடு. இதையும் என் சொல்லை நம்பிச் செய்யாதீர்கள். ஹால் சுவிட்சைப் போட்டால் நீலத்தில் மின்சாரம் வந்து, அணைத்தால் போகிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகு செய்யுங்கள். சிலர் சுவிட்சை நியூட்ரலில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். விளக்கு எரியும், அணையும், எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் அணைத்த விளக்கிலும் ஃபேஸ் காத்துக்கொண்டிருக்கும். அணைத்த எல்இடி இரவில் மங்கலாக ஒளிர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மாறினாலும் எரியும் என்கிறார் நண்பர். எரியும். எரிவது ஒரு சோதனையே இல்லை.

கும்பகோணத்தான்:

ஐயா, இன்வெர்ட்டர் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே. 2013-இல் கடும் மின்வெட்டு இருந்தபோது வாங்கியது, 900 விஏ. நினைவிலேயே இல்லை. படுக்கையறை மின்விசிறி, விளக்கு, ஒரு பிளக் அதில் ஓடுகின்றன. மெயினை அணைத்தபோது படுக்கையறையை நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்திருக்கும்!

ரோஸை அப்படியே மூடிவிட்டேன், மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகு. ஆனால் ஒன்று புரியவில்லை. 36 வாட் விளக்குக்கு முறுக்கும் டேப்பும் போதாதா? அந்தச் சிவப்பு முறுக்குப் பன்னிரண்டு வருடம் தாங்கியிருக்கிறதே.

பழைய வயர்மேன்:

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டீர்கள்.

உங்கள் விளக்கு இழுப்பது 0.16 ஆம்பியர். விளக்கின் முறுக்கு கொஞ்சம் தளர்ந்தாலும் பெரிதாகச் சூடாகாது. மேலே நண்பரின் ஆறு விளக்குகள் நான்கு வருடம் எரிந்ததற்கும் இதுதான் காரணம், அவருடைய கைவண்ணம் இல்லை. ஆனால் உங்கள் பெட்டியில் இருக்கும் சிவப்பு முறுக்கு விளக்குக்கு உரியது அல்ல; அது படுக்கையறைக்குப் போகும் வழி. அந்த அறைப் பிளக்கில் துணி தேய்க்கிறீர்களா? 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்கள் விளக்கைப்போல் 28 மடங்கு. ஆனால் இணைப்பில் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். அதே தளர்ந்த முறுக்கில் 700 மடங்குக்கு மேல். டேப் கறுத்துப் பசை ஒழுகியதற்குச் சித்திரை வெயிலில் காயும் கூரையும் ஒரு காரணம்தான். ஆனால் பக்கத்திலிருந்த கறுப்பு முறுக்கும் அதே அளவு கறுத்திருந்ததா என்று பாருங்கள். வயரின் உறை முறுக்குக்குப் பக்கத்தில் விறைத்து, வளைத்தால் உதிர்ந்தால் அது வெயிலின் வேலை இல்லை.

விளக்கு மாட்டப் போகிறவர் விளக்கின் வயரையே பார்க்கிறார். ஆபத்து பெரும்பாலும் அந்தப் பெட்டி வழியாக வேறு எங்கோ போகிற வயரில் இருக்கிறது. நீங்கள் ரோஸை இழுத்து அசைத்தபோது அந்தப் பழைய முறுக்கும் சேர்ந்து அசைந்திருக்கிறது. அதுவரை தாங்கியது இனியும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

அந்தக் கறுப்பு முறுக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூட்ரல்தானே, அடிக்காது என்று பிரித்துவிடாதீர்கள். 1988-இல் காரைக்குடியில் ஒரு வீட்டில் ஹாலின் ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் ஏறினேன். கறுப்பைப் பிரித்தேன். அடுத்த அறையின் மின்விசிறி வேறு ஃபியூஸில், அதன் நியூட்ரல் மட்டும் இந்தப் பெட்டி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பிரித்த கணத்தில் மின்விசிறி வழியாக வந்த ஃபேஸ் என் கையில் நின்றது. ஸ்டூலிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. மழை வந்தால் இன்றும் அது எனக்கு முன்கூட்டிச் சொல்லும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் ஹால் நியூட்ரலும் அந்த முறுக்கில் ஒன்றாகக் கலந்திருக்கும். அதனால்தான் ஹாலுக்கு உரிய எம்சிபியை (ஃபியூஸுக்குப் பதிலாக வந்த சுவிட்ச்) மட்டும் அணைத்து இதில் கை வைக்காதீர்கள் என்கிறேன்.

முறுக்கை எதால் மாற்றுவது? பெட்டிக்குள் இடம் இருந்தால் நெம்புகோல் வைத்த கனெக்டர் நல்லது. வாகோ 221 வகையை நான் கடைசி ஆறேழு வருடம் பயன்படுத்தினேன். 11 மில்லிமீட்டர் உரித்து, நெம்பைத் தூக்கி, உள்ளே விட்டு, நெம்பை அழுத்தினால் முடிந்தது. 4 சதுர மில்லிமீட்டர் வரை வயர் ஏற்கும். மெல்லிய பல இழை விளக்கு வயரையும் தடித்த வீட்டு வயரையும் சேர்த்துப் பிடிப்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. அதே தோற்றத்தில் பாதி விலைக்கு வருபவற்றை வாங்காதீர்கள். உள்ளே பிடிப்பு இருக்காது. திருகு வைத்த பீங்கான் கனெக்டரும் மோசமில்லை. ஆனால் விளக்கின் மெல்லிய வயரையும் வீட்டு வயரையும் ஒரே திருகின்கீழ் தள்ளினால் தடித்தது பிடிபடும், மெல்லியது நழுவும். மெல்லியதை இரண்டாக மடித்துத் திருகுங்கள். திருகிய பிறகு ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள், கூச்சப்படாமல். கையோடு வந்தால் இப்போதே வரட்டும். உறை உரித்த செம்பு கனெக்டருக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது.

பச்சை. உடல் தகரம் என்றீர்கள். தகரத்துக்கு எர்த் வேண்டும், பேச்சே இல்லை. உள்ளே ஒரு ஃபேஸ் வயர் உறை கிழிந்து உடலைத் தொட்டால், அடுத்த முறை மூடியைத் துடைக்க ஏறுபவர்தான் எர்த் ஆவார். பச்சையை நியூட்ரலில் சேர்க்கச் சொல்பவர்களும் உண்டு, கேட்காதீர்கள். கூரைக்கு முன்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் விளக்கின் உடல் முழுதும் ஃபேஸ். உங்கள் சுவிட்ச் போர்டில் மூன்று துளைப் பிளக் இருந்தால் அதுவரை எர்த் வந்திருக்கலாம், மீட்டரில் சரிபார்க்க வேண்டும். வந்திருந்தால் அங்கிருந்து குழாய் வழியாக ஒரு பச்சை வயரை இழுப்பது அரை மணி நேர வேலை. வராவிட்டால் இந்த விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சதுரத்துக்குள் சதுரம் குறி போட்ட பிளாஸ்டிக் உடல் விளக்கை வாங்குங்கள். அது இரட்டைக் காப்பு; எர்த் இல்லாமலே மாட்டும்படி செய்யப்பட்டது.

பத்து நாள் காத்திருங்கள். அல்லது மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ள வேறு ஒருவரை அழையுங்கள். வெறும் விளக்கை மாற்றுவதாக இருந்தால் நீங்களே செய்யுங்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். இது விளக்கை மாற்றுவது அல்ல.

மதுரை மாடிவீடு:

ஃபால்ஸ் சீலிங் போட்டவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஹாலில் ஜிப்சம் கூரையில் பன்னிரண்டு சிறு விளக்குகள். வேலை முடித்துப் பணம் வாங்கிப் போனவர் சான்றிதழ் உள்ளவர்தான். ஆறு மாதத்தில் ஒரு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. இந்த விளக்குகளில் ஸ்பிரிங் கவ்விதான், கீழே இழுத்தால் வந்துவிடும், அணைத்துவிட்டு இழுத்தேன். மேலே பெட்டி என்று எதுவும் இல்லை. முறுக்கிய வயர்கள் ஜிப்சம் பலகையின் மேல் அப்படியே கிடந்தன. அடுத்ததை இழுத்தேன். பன்னிரண்டில் மூன்றில் டேப்பே இல்லை, ஒன்றில் பரிசுப் பொட்டலத்துக்கு ஒட்டும் செல்லோடேப். சில இடங்களில் எலி கடித்த தடமும் இருந்தது. எலியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு ஒருவரை வைத்து எல்லாவற்றுக்கும் மூடியுள்ள சிறு பெட்டியும் கனெக்டரும் போட்டோம். முழு நாள் ஆனது. கூரைப் பலகையை மூடும் முன் ஒவ்வோர் இணைப்பையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

செய்துபார்:

நேற்றிரவு இதைப் படித்துவிட்டு, காலையில் எங்கள் சமையலறை விளக்கைக் கழற்றினேன், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான். டேப் சட்டையைப்போல் கழன்று வந்தது. என் ஆறு விளக்குகளில் இரண்டு தகர உடல். கனெக்டர் வாங்கக் கடைக்குப் போகிறேன். ஐயா, கைவண்ணம் பற்றிச் சொன்னது கொஞ்சம் வலித்தது.

பழைய வயர்மேன்:

வலிக்கட்டும். மணிக்கட்டு முறிந்தால் இதைவிட வலிக்கும்.

கும்பகோணத்தான் (பன்னிரண்டு நாள் கழித்து):

எலக்ட்ரீஷியன் வந்தார், திருமண லட்டுடன். மெயின், இன்வெர்ட்டர் சுவிட்ச், பிளக் மூன்றையும் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே ஏறினார். நான் கேட்காமலே. சிவப்பு முறுக்கைப் பிரித்தபோது டேப்பின்கீழ் செம்பு நிறம் மாறி நீலம் பாய்ந்திருந்தது. உறை ஓர் அங்குல நீளத்துக்குப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கறுப்பு முறுக்கு இவ்வளவு மோசமில்லை. பெட்டியின் ஓர் ஓரத்தில் துருவும் இருந்தது, மழைநீர் கூரைக் குழாய் வழியாக இறங்கிய தடம். மொட்டைமாடியில் விரிசலை அடைக்காமல் இந்தப் பெட்டியை மூடிப் பயனில்லை என்றார். கொத்தனாரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்வெர்ட்டர் லைனை அந்தப் பெட்டியிலிருந்தே நீக்கிவிட்டார். படுக்கையறைக்கு வேறு குழாய் வழியாக, இடையில் இணைப்பே இல்லாமல், ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்துப் புது வயர். ஹால் நீலத்துக்கும் கறுப்புக்கும் கனெக்டர் போட்டார். சுவிட்ச் போர்டு வரை எர்த் வந்திருந்தது, ஆனால் பிளக்கின் பின்னால் திருகாமல் மடித்து விடப்பட்டிருந்தது, 1997 முதல்! அதைத் திருகி, அங்கிருந்து பச்சையைக் கூரைக்கு இழுத்தார். இழுக்கும் கம்பி குழாயின் வளைவில் சிக்கி ஒரு மணி நேரம் போனது, ஐயா சொன்ன அரை மணி நேரம் இல்லை.

விளக்கு எரிகிறது. எரிவது சோதனை இல்லை என்பது நினைவிருக்கிறது. எர்த் தொடர்ச்சியையும் மீட்டரில் பார்த்தோம். இஸ்திரிப் பெட்டிக்கு இன்வெர்ட்டர் லைனில் இனி இடமில்லை என்று பிளக்கின் மேல் காகிதம் ஒட்டியிருக்கிறேன். மனைவி அதன்கீழ், "மெயினை அணைத்தால் படுக்கையறையையும் எட்டிப் பார்க்கவும்" என்று எழுதி வைத்திருக்கிறார்.